உடலின் கடிவாளம்

இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் வாசகர்கள் ஒரு சிறு பரிசோதனையைச் செய்து பார்த்தல் நன்று. இடக்கை மணிக்கட்டில், பெருவிரலின் அடிப்பக்கமாக, வலக்கையின் இரு விரல்களை மெல்ல வைத்து நாடித்துடிப்பைக் கண்டறிக. துடிப்பு நன்கு தெரிந்ததும் மூச்சை மெதுவாக உள்ளிழுத்து, பின்னர் இன்னும் மெதுவாக வெளியே விடுக. ஐந்தாறு முறை இவ்வாறு செய்து கவனித்தால், மூச்சு உட்செல்லும்போது துடிப்புச் சற்றே விரைவதையும், வெளிவரும்போது அது தாழ்ந்து நிதானமடைவதையும் உணரலாம். சிறுவரிடத்தும் இளைஞரிடத்தும் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். வயது முதிர முதிர அது குன்றிவிடும். இதனை முதன்முறையாகக் காணும் மாணவர் சிலர், தம் இருதயத்தில் ஏதோ குறைபாடு உண்டென்று அஞ்சுதலும் உண்டு. அஞ்சவேண்டியதில்லை. ஜேர்மன் நாட்டு அறிஞர் கார்ல் லுட்விக் 1847ஆம் ஆண்டிலேயே கண்டு குறித்த இயற்கை நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சிக்குக் காரணமாயுள்ளது ஒரு நரம்பு. மூச்சு உட்செல்லும் கணத்தில் அது இருதயத்தின்மீதுள்ள தன் பிடியைச் சற்றுத் தளர்த்துகின்றது. மூச்சு வெளிவரும்போது மீண்டும் இறுக்குகின்றது. குதிரையைச் செலுத்துபவன் கடிவாளத்தை விட்டும் பிடித்தும் அதன் நடையைச் சீர்செய்வது போன்றது இது. நாம் உறங்கும்போதும் உண்ணும்போதும் பேசும்போதும் ஓயாது தொழில் செய்யும் இந்நரம்பைப் பற்றி அறிந்திருத்தல், பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்கு மட்டுமன்றித் தோட்டத்தில் மருந்தடிப்பவருக்கும், குரலை நம்பித் தொழில் செய்பவருக்கும், பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்துபவருக்கும் பயன்தரும் என்பதை இனிக் காண்போம்.

பெயரும் வழியும்

மூளையிலிருந்து நேரே புறப்படும் நரம்புகள் பன்னிரண்டு சோடிகள். மண்டையோட்டு நரம்புகள் எனப்படும் இவற்றுட் பெரும்பாலானவை தலையையும் முகத்தையும் விட்டு அப்பாற் செல்வதில்லை. கண்ணுக்குரியது கண்ணோடும், மூக்குக்குரியது மூக்கோடும் நின்றுவிடுகின்றன. பத்தாவது சோடியோ இவ்வொழுங்குக்கு அடங்காதது. கழுத்தைக் கடந்து, நெஞ்சினுட் புகுந்து, வயிற்றின் ஆழம்வரை அது சென்றுவிடுகின்றது. இதனாலேயே அலைந்து திரிதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு மேனாட்டார் அதற்கு ‘வேகஸ்’ எனப் பெயரிட்டனர். தமிழில் ‘அலையும் நரம்பு’ என்கின்றோம். வேகம் என்னும் சொல்லோடு இப்பெயருக்கு யாதொரு தொடர்பும் இல்லை. உண்மையில், இருதயத்தின் வேகத்தைக் குறைப்பதே இதன் தலையாய தொழில்களுள் ஒன்றாகும்.

மூளையின் அடிப்பாகம் முண்ணாணோடு சேருமிடத்தில் நீள்வளைய மையவிழையம் என்னும் பகுதி உண்டு. ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் நீளமேயுள்ள இச்சிறு பகுதியிலிருந்து அலையும் நரம்பு, வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாகப் புறப்படுகின்றது. மண்டையோட்டின் அடியிலுள்ள ஒரு துவாரத்தினூடாக வெளிவந்து, கழுத்தில் இரத்தத்தை மேலே கொண்டுசெல்லும் சிரசு நாடியோடும், கீழே கொணரும் கழுத்து நாளத்தோடும் ஒரே உறையினுள் கீழிறங்குகின்றது.

செல்லும் வழியெல்லாம் அது கிளைகளை விட்டுச் செல்கின்றது. முதற் கிளைகளுள் ஒன்று காதுத் துவாரத்தின் தோலை அடைகின்றது. காதைத் துப்புரவு செய்யும்போது சிலருக்குத் திடீரென இருமல் எழுவது இக்கிளையினாலேயாம். காதிலிருந்து சென்ற செய்தியைத் தொண்டையிலிருந்து வந்த செய்தியாக மூளை கொள்வதால் நேரும் மயக்கம் அது. அடுத்த கிளைகள் தொண்டைக்கும் குரல்வளைக்கும் செல்கின்றன. அதன்பின் இருதயத்துக்கும் சுவாசப்பைகளுக்கும் கிளைகள் பிரிகின்றன. பின்னர் உணவுக்குழாயைச் சுற்றி வலைபோற் பின்னிக்கொண்டு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டைக் கடந்து, இரைப்பை, ஈரல், சதையி, சிறுகுடல் ஆகியவற்றை அடைந்து, பெருங்குடலின் முற்பாதிவரை சென்று முடிகின்றது. உடலில் இத்துணை உறுப்புக்களோடு உறவுகொண்ட மண்டையோட்டு நரம்பு வேறொன்றில்லை.

குரலுக்குச் செல்லும் சுற்றுவழி

இந்நரம்பின் கிளைகளுள் மிகவும் விந்தையானது குரல்வளைக்குச் செல்லும் மீள்கிளையாகும். குரல் நாண்களை அசைக்கும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்வது அதுவே. மூளையிலிருந்து குரல்வளைக்கு நேர்வழி மிகக் குறுகியது. ஆயினும் இக்கிளை அவ்வழியே செல்வதில்லை. இடப்புறக் கிளை நெஞ்சினுள் இறங்கி, இருதயத்திலிருந்து எழும் பெருநாடியின் வளைவைக் கீழாகச் சுற்றி, மீண்டும் மேலேறிக் குரல்வளையை அடைகின்றது. வலப்புறக் கிளையும் காறையென்பின் கீழுள்ள நாடியைச் சுற்றிக்கொண்டே மேலேறுகின்றது. நீண்ட கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கியில் இவ்விடப்புறக் கிளை 4 மீற்றருக்கும் மேற்பட்ட தூரம் பயணம் செய்கின்றது!

இத்தகைய சுற்றுவழிக்குக் காரணம் பழைய வரலாற்றில் உள்ளது. மீன்களிலே இந்நரம்பின் கிளைகள், பூக்களுக்குச் செல்லும் நாடிகளின் பின்னாக, நேரே தம் இடத்தை அடைகின்றன. உயிரினங்கள் படிமுறையாக மாற்றமடைந்தபோது கழுத்து நீண்டது. இருதயமும் பெருநாடியும் நெஞ்சினுள் இறங்கின. நாடியின் அடியில் அகப்பட்ட நரம்பும் அதனோடு இழுபட்டு நீண்டது. மனிதக் கருவிலும் இவ்விறக்கம் இன்றும் நிகழ்கின்றது.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்னும் வைத்தியர் இக்கிளையை அறிந்திருந்தார். கூச்சலிடும் பன்றியொன்றின் கழுத்திலுள்ள இந்நரம்புகளைக் கட்டியதும் அதன் குரல் அடங்கியதைப் பலர் முன்னிலையில் அவர் காட்டினார். குரல் இருதயத்திலிருந்து பிறக்கின்றது என்று அறிஞரும் நம்பிய காலத்தில், அது மூளையின் ஆட்சிக்குட்பட்டது என்பதை நிறுவிய சான்று அது.

இன்று இச்செய்தியால் நமக்கு என்ன பயன் என வாசகர் வினவலாம். தொண்டையடைப்பு என்றால் தடிமனும் கூச்சலும் காரணம் என்றே நாம் எண்ணுகின்றோம். பெரும்பாலும் அது உண்மையே. ஆனால் குரல் நரம்பு நெஞ்சினுட் சென்று மீள்வதால், சுவாசப்பையில் தோன்றும் ஒரு கட்டியோ, பெருநாடியின் வீக்கமோ அதனை அழுத்திக் குரலைக் கம்மச் செய்தல் கூடும். வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டுப் பெருத்துப்போன இருதயமும் இவ்வாறே செய்யலாம் என்பதை வியன்னா நகர வைத்தியர் ஓர்ட்னர் 1897இல் எடுத்துக்காட்டினார். தைரொயிட்டுச் சுரப்பியில் சத்திரசிகிச்சை செய்வோர், அதன் பின்புறமாகச் செல்லும் இந்நரம்பை முதலில் தேடிக் கண்டு காத்துக்கொள்வதும் இதனாலேயே. எனவே, தடிமன் மாறியபின்னும் மூன்று வாரங்களுக்கு மேலாகக் குரல் கம்மியே இருக்குமாயின், கொத்தமல்லிக் குடிநீரோடு நின்றுவிடாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். புகைபிடிப்போர் இதில் ஒருநாளும் அசட்டையாக இருத்தலாகாது.

தடுப்பதும் ஒரு தொழிலே

நரம்பு என்றால் உறுப்புக்களைத் தூண்டி இயக்குவது என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை அறிஞர் கருதிவந்தனர். 1845ஆம் ஆண்டில் ஜேர்மன் சகோதரர்களான ஏர்ணஸ்ட் வேபரும் எடுவார்ட் வேபரும் அக்கருத்தை மாற்றினர். அலையும் நரம்பை அவர்கள் மின்னாற் தூண்டியபோது, இருதயம் விரைவதற்குப் பதிலாகத் தாழ்ந்து, இறுதியில் நின்றுவிட்டது. தூண்டலை நிறுத்தியதும் மீண்டும் துடிக்கத் தொடங்கிற்று. ஓர் உறுப்பைத் தடுத்து அடக்குவதும் நரம்பின் தொழிலாகலாம் என்பது அன்றுதான் உலகுக்குத் தெரிந்தது.

இருதயம் தன்னுள்ளேயே துடிப்பை உண்டாக்கும் ஆற்றல் படைத்தது. எந்நரம்பின் தொடர்பும் இல்லாதவிடத்து அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தடவை துடிக்கும். ஓய்வாக இருக்கும் ஒருவருடைய நாடி 70 அளவில் இருப்பதற்கு, அலையும் நரம்பு அதனை இடைவிடாது அடக்கி வைத்திருப்பதே காரணம். 1967ஆம் ஆண்டு கேப் டவுன் நகரில் கிறிஸ்ரியான் பார்னாட் முதன்முதலாக ஒரு மனிதரின் இருதயத்தை எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தினார். அத்தகைய மாற்று இருதயத்தில் நரம்புகள் அறுபட்டிருப்பதால், ஓய்விலுங்கூட அது 90 முதல் 110 தடவை வரை துடிப்பதை வைத்தியர்கள் காண்கின்றனர். பிடிப்பாரற்ற குதிரையின் நடை அது.

ஆபத்து நேரும்போது இருதயத்தை விரைவுபடுத்த வேறொரு நரம்புத் தொகுதி உண்டு. அது பரிவு நரம்புத் தொகுதி எனப்படும். அலையும் நரம்பு அதற்கு எதிரான பரபரிவுத் தொகுதியின் முதன்மையான பகுதியாகும். ஒன்று போருக்கும் ஓட்டத்துக்கும் உடலை ஆயத்தஞ் செய்கின்றது. மற்றையது ஓய்வுக்கும் உணவுக்கும் உரியது. இரண்டும் சமநிலையில் நிற்பதே உடல்நலம்.

இரு தவளைகளின் இருதயம்

நரம்பு இருதயத்தை எவ்வாறு அடக்குகின்றது? மின் நேரே பாய்வதாலா, அன்றி ஏதேனும் ஒரு பொருளைச் சுரப்பதாலா? இவ்வினாவுக்கு விடை கண்டவர் ஒஸ்திரியாவின் கிராட்ஸ் நகரப் பேராசிரியர் ஒட்டோ லோவி. அவரே பிற்காலத்தில் எழுதியபடி, ஓர் இரவு உறக்கத்திடையே விழித்து, மனத்திற் தோன்றிய ஒரு பரிசோதனையைத் துண்டுக் கடதாசியிற் குறித்துவிட்டு மீண்டும் உறங்கினார். காலையில் அவ்வெழுத்து அவருக்கே விளங்கவில்லை. மறுநாள் இரவு மூன்று மணிக்கு அவ்வெண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை அவர் எழுந்து நேரே ஆய்வுகூடத்துக்குச் சென்றார்.

தவளைகள் இரண்டின் இருதயங்களை எடுத்து உப்புக் கரைசலில் துடிக்கச் செய்தார். முதலாவதன் அலையும் நரம்பைத் தூண்டினார். அது தாழ்ந்து துடித்தது. அதிலிருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இருதயத்தில் இட்டார். எந்நரம்பும் தூண்டப்படாத அவ்விருதயமும் தாழ்ந்து துடிக்கலாயிற்று. நரம்பின் நுனியிலிருந்து சுரந்த பொருளொன்று கரைசலோடு சென்றிருத்தல் வேண்டும் என்பது ஐயமின்றித் தெளிவாயிற்று. 1921இல் இவ்வாராய்ச்சி வெளிவந்தது. அப்பொருள் அசற்றைல்கோலீன் என்பது பின்னர் உறுதிப்பட்டது. இங்கிலாந்தின் ஹென்றி டேலோடு லோவி 1936ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இரண்டே ஆண்டுகளில், 1938இல், ஹிட்லரின் படை ஒஸ்திரியாவுட் புகுந்தது. யூதரான லோவி நள்ளிரவிற் சிறைபிடிக்கப்பட்டார். உயிர் தப்புமோ என்றறியாத அந்நிலையிலும் அவர் காவலனிடம் கேட்டது ஓர் அஞ்சலட்டையே. தம் இறுதி ஆராய்ச்சியின் முடிவு தம்மோடு அழிந்துவிடலாகாதென்று, அதில் எழுதி விஞ்ஞான சஞ்சிகையொன்றுக்கு அனுப்பினார். பரிசுப் பணத்தை நாசிகள் கூறிய வங்கிக்கு மாற்றிக் கொடுத்தபின்னரே நாட்டைவிட்டு வெளியேற அவருக்கு அனுமதி கிடைத்தது. ஈற்றில் அமெரிக்காவை அடைந்து, 1961இல் அங்கே காலமானார். பாடநூலில் ஒரு வரியாக மாணவர் மனனஞ் செய்யும் உண்மைக்குப் பின்னால் இத்தகைய வாழ்க்கையும் உண்டு.

ஊமத்தையும் கிருமிநாசினியும்

லோவி கண்ட பொருள் தவளையோடும் ஆய்வுகூடத்தோடும் நின்றுவிடுவதன்று. வேலியோரத்து ஊமத்தையில் அத்திரோப்பீன் முதலிய நஞ்சுகள் உள்ளன. அவை அசற்றைல்கோலீன் இருதயத்தில் தொழிற்படுவதைத் தடுத்து, கடிவாளத்தை அறுத்துவிடுகின்றன. ஊமத்தங் காயையோ விதையையோ தெரியாது தின்ற பிள்ளைக்கு நாடி மிக விரைதல், வாய் உலர்தல், கண்மணி விரிதல், பிதற்றல் ஆகியவை தோன்றுவது இதனாலேயே. கைமருந்து தேடிக் காலங்கடத்தாது வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லவேண்டிய நிலை அது.

இதற்கு நேர்மாறான ஆபத்துத் தோட்டங்களில் உள்ளது. தன் வேலை முடிந்ததும் அசற்றைல்கோலீன் ஒரு நொதியத்தால் உடனே சிதைக்கப்படவேண்டும். சேதனப் பொசுபரசுச் சேர்வைகளாலான கிருமிநாசினிகள் அந்நொதியத்தைச் செயலறச் செய்கின்றன. சிதைபடாத அசற்றைல்கோலீன் பெருகுவதால் எச்சிலும் கண்ணீரும் வியர்வையும் வடியும். கண்மணி ஊசிமுனைபோற் சுருங்கும். மூச்சுக்குழாயில் சளி நிறைந்து மூச்சு முட்டும். நாடி தாழ்தலும் உண்டு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மருந்தடித்துவிட்டு வந்தவர் இவ்வாறு வருந்தினால், மருந்து பட்ட உடையைக் களைந்து, உடலைச் சவர்க்காரமிட்டு நன்கு கழுவி, மருந்துப் போத்தலின் பெயர்ச்சீட்டையும் உடன்கொண்டு வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். உதவுபவரும் தம் கைகளில் அது படாது காத்துக்கொள்ளல் வேண்டும். அங்கே ஊசிமூலம் ஏற்றப்படும் மருந்து எது? அத்திரோப்பீனே! ஓரிடத்தில் நஞ்சாவது, அளவறிந்தோர் கையில் மற்றோரிடத்தில் உயிர் காக்கின்றது.

இரைப்பையில் அறுபட்ட நரம்பு

உணவு இரைப்பையை அடையுமுன்னரே அங்கே சமிபாட்டு நீர் சுரக்கத் தொடங்குவதை இரசிய அறிஞர் பவ்லோவ் நாய்களிற் காட்டினார். விழுங்கிய உணவு கழுத்திலுள்ள திறப்பினூடாக வெளியே விழுந்துவிடுமாறு செய்தும், சில நிமிடங்களில் இரைப்பையில் நீர் சுரந்தது. அலையும் நரம்புகளை அறுத்தபின் அது சுரக்கவில்லை. வாயின் சுவையை இரைப்பைக்கு அறிவிப்பது இந்நரம்பே என்பது இதனாற் புலனாயிற்று. சமிபாடு பற்றிய ஆராய்ச்சிக்காக 1904இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

அமிலம் மிகுதலே இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாயின், அமிலத்தைத் தூண்டும் நரம்பை அறுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. 1943இல் சிக்காகோ நகரச் சத்திர வைத்தியர் டிராக்ஸ்டெட் அவ்வாறு செய்யத் தொடங்கினார். அமிலம் குறைந்தது, புண்ணும் ஆறியது. ஆனால் இரைப்பை தன் உணவைக் குடலுக்குத் தள்ளும் ஆற்றலையும் இழந்தது. ஆகவே அதன் வாயிலை அகலமாக்க மேலுமொரு சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று. பல நாடுகளில் எண்ணற்ற நோயாளர் பல்லாண்டுகளாக இச்சிகிச்சையைப் பெற்றனர்.

பின்னர், 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் ரொபின் வாரனும் பாரி மார்ஷலும், இத்தகைய நோயாளரின் இரைப்பையிலிருந்து ஒருவகைப் பக்டீரியாவை வளர்த்தெடுத்தனர். தம் கூற்றை உலகம் ஏற்கத் தயங்கவே, 1984இல் மார்ஷல் தாமே அப்பக்டீரியாவைக் குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலான புண்களை இன்று ஓரிரு வார மருந்தே ஆற்றிவிடுவதால், அந்நரம்பறுக்கும் சிகிச்சை மிக அரிதாகிவிட்டது. அறுத்தவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். அன்று வேறு வழி இருக்கவில்லை. ஆயினும் பல தொழில் செய்யும் ஒன்றை ஒரு தொழிலுக்காக வெட்டினால் எஞ்சியவற்றையும் இழக்க நேரும் என்பதற்கு இது தக்க சான்று.

பேசுவதினும் கேட்பது மிகுதி

இதுவரை கூறியவற்றால், அலையும் நரம்பு மூளையின் கட்டளைகளைக் கொண்டுசெல்லும் தூதன் என வாசகர் கருதலாம். ஆனால் அதிலுள்ள நார்களில் ஐந்தில் நான்கு பங்கு அளவானவை எதிர்த்திசையிற் செய்தி கொண்டுசெல்பவை. உறுப்புக்கள் கூறுவதை மூளைக்குத் தெரிவிப்பதே அதன் பெரும்பணி. சுவாசப்பைகள் போதிய அளவு விரிந்துவிட்டன என்னும் செய்தி இதன்வழியே சென்று மூச்சிழுத்தலை நிறுத்துகின்றது என்பதை 1868இல் ஹேரிங், புரோயர் என்போர் கண்டனர். வயிறு நிறைந்தது என்ற செய்தியும், உட்கொண்டது ஒவ்வாதது என்ற செய்தியும் இவ்வழியே செல்கின்றன. அவசரமாக விழுங்குபவர், போதும் என்ற செய்தி மூளையை எட்டுமுன்னரே அளவுக்கு மிஞ்சி உண்டுவிடுகின்றார்.

மூளைக்குச் செல்லும் இவ்வழியை நோய்தீர்க்கப் பயன்படுத்தும் முயற்சியும் நடைபெற்று வருகின்றது. காறையென்பின் கீழ் சிறு மின்கருவியொன்றைப் பொருத்தி, கழுத்திலுள்ள இடப்புற நரம்பை இடையிடையே தூண்டும் முறை, மருந்துக்கு அடங்காத வலிப்பு நோயாளருக்கு 1988இல் முதன்முதலாகச் செய்யப்பட்டது. 1997இல் அமெரிக்க அரசு அதனை அங்கீகரித்தது. இருதயத்தின் துடிப்பைத் தொடக்கும் இடத்தோடு வலப்புற நரம்பே மிக நெருங்கிய தொடர்புடையது. ஆதலால் இடப்புறத்தைத் தெரிந்துகொண்டனர். கருவி தொழிற்படும்போது குரல் சற்றுக் கம்முவதும் உண்டு. முற்கூறிய மீள்கிளையே அதற்குக் காரணம் என்பதை மாணவர் எளிதில் ஊகிக்கலாம். இது வலிப்பை வேரோடு நீக்குவதன்று. பலருக்கு அதன் எண்ணிக்கையைக் குறைப்பது. மூட்டுகளை வீங்கச் செய்து முடமாக்கும் மூட்டுவாதத்துக்கும் இத்தகைய கருவியொன்று 2025இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

இவற்றைக் கண்டு, இந்நரம்பைத் தட்டி எழுப்பினால் எல்லா நோயும் பறந்துவிடும் எனக் கூறுவாரும் இந்நாளில் மலிந்துள்ளனர். அவர்கள் விற்கும் கருவிகளையும் எண்ணெய்களையும் வாங்குமுன் சற்றுச் சிந்தித்தல் வேண்டும். நிமிடத்துக்கு ஆறு முறை அளவில் ஆறுதலாக மூச்சுவிடுதல் இருதயத்தின் மீதுள்ள இந்நரம்பின் பிடியை ஏற்றியிறக்கி, பலருக்கு அமைதி தரும் என்பது உண்மை. மூச்சை ஒழுங்குசெய்யும் பிராணாயாமப் பயிற்சி நம்மிடையே நெடுங்காலமாக உள்ளது. அதற்காக, முன்னோர் இந்நரம்பையே அறிந்திருந்தனர் எனப் பெருமை பேசுதல் மிகையாகும். அவர்கள் பயனைக் கண்டனர். காரணத்தைப் பின்வந்தோர் கண்டனர். இரண்டும் மதிக்கத்தக்கனவே. பரீட்சை மண்டபத்தில் நெஞ்சு படபடக்கும் மாணவன் வினாத்தாளைத் திறக்குமுன் பத்து முறை நீள மூச்சுவிட்டால் நன்மையுண்டு. ஆனால் படியாத பாடத்தை எந்நரம்பும் நினைவூட்டாது.

வரிசையில் விழும் பிள்ளை

கடிவாளம் சிலவேளை அளவுக்கு மிஞ்சி இறுகிவிடுவதும் உண்டு. காலைக் கூட்டத்தில், இல்ல விளையாட்டுப் போட்டி அணிவகுப்பில், திருவிழாக் கூட்டத்தில் நெடுநேரம் நின்ற பிள்ளை முகம் வெளிறி, வியர்த்து, கண் இருண்டு விழுவதை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். இரத்தத்தைக் கண்டும், ஊசிக்கு அஞ்சியும் விழுவோரும் உண்டு. நெடுநேரம் அசையாது நிற்கையில் இரத்தம் கால்களிற் தேங்குகின்றது. அந்நிலையில் அலையும் நரம்பு இருதயத்தைத் திடீரெனத் தாழ்த்துகின்றது. அதே கணத்தில் பரிவு நரம்புகள் தளர்வதால் இரத்தக் குழாய்களும் விரிகின்றன. இரத்த அமுக்கம் வீழ்ந்து, மூளைக்குச் செல்லும் இரத்தம் சில கணங்களுக்குக் குறைகின்றது. மயக்கம் வருகின்றது.

விழுந்த உடல் தரையிற் படுத்ததும் இரத்தம் மூளைக்கு எளிதில் திரும்புகின்றது. விழுதலே இயற்கையின் சிகிச்சை எனலாம். இதனையறியாது, அன்பு மிகுதியால் இருவர் பிடித்துப் பிள்ளையை நிமிர்த்தி நிறுத்துகின்றனர். அல்லது கதிரையில் இருத்தி, சுற்றி நின்று, வாயில் தண்ணீரை ஊற்றுகின்றனர். நிமிர்த்தி வைத்தால் மூளைக்கு இரத்தம் செல்வது தாமதிக்கும். நினைவற்றவர் வாயில் ஊற்றிய நீர் மூச்சுக்குழாயினுட் செல்லக்கூடும். செய்யவேண்டியது மிக எளிது. நிழலில் மட்டமாகக் கிடத்துக. கால்களைச் சற்று உயர்த்திப் பிடிக்க. கழுத்துப் பட்டியையும் இடுப்புப் பட்டியையும் தளர்த்துக. கூட்டத்தை விலக்குக. நினைவு முற்றாகத் திரும்பியபின்னரே குடிக்கக் கொடுக்க. உடனே எழுப்பாது பத்து நிமிடமாவது படுத்திருக்க விடுக.

பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களுள் பிள்ளை தெளிந்துவிடும். அவ்வாறு தெளியாவிடினும், ஓடும்போதோ விளையாடும்போதோ விழுந்தாலும், நெஞ்சு நோவோடு விழுந்தாலும், குடும்பத்தில் இளவயதிற் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தாலும், சாதாரண மயக்கமென விட்டுவிடாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். அதனை நரம்பின் மிகையென்று கொள்ளலாகாது. இருதயத்திலேயே கோளாறு இருத்தல் கூடும்.

வருமுன் காத்தலும் கடினமன்று. பெற்றோர் பிள்ளையைப் பசியோடு பாடசாலைக்கு அனுப்பாது, ஏதேனும் உண்ணவும் தண்ணீர் குடிக்கவும் செய்தல் வேண்டும். கண் மங்குவதுபோல் தோன்றியதும் வெட்கப்படாது உடனே அமர்ந்துவிடவேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிவைத்தல் வேண்டும். நிற்கும்போது குதிகாலை உயர்த்தித் தாழ்த்தி, கெண்டைத் தசைகளை இறுக்கித் தளர்த்தினால் தேங்கிய இரத்தம் மேலேறும். ஆசிரியர்களாகிய நாமும் வெயில் ஏறியபின் நம் பேச்சைச் சுருக்கிக்கொள்ளலாம். நீண்ட பேச்சுக்குப் பிள்ளைகளை இருத்தியே வைக்கலாம். வரிசையில் அமர்ந்துவிட்ட பிள்ளையை ஒழுங்கீனன் என்று அதட்டுமுன், அதன் முகத்தின் நிறத்தையும் மணிக்கட்டின் நாடியையும் ஒருமுறை பார்ப்போமாக.